தூக்க மறுக்கும் பொறி: போர்க்லிப்ட் வண்டியின் மின்வழுக்களை ஆராயும் முறை

முழு வளர்ச்சியடைந்த இயந்திரம் எதனையும் இயக்கும் பகுதி, இயக்கத்தைக் கடத்தும் பகுதி, கருமம் ஆற்றும் பகுதி என மூன்றாக வகுத்து நோக்கலாம் என்பதை 1867 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்திற் கார்ல் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். நீராவிப் பொறியும் நூற்பாலையும் அவர் கண்முன் இருந்த உதாரணங்கள். இன்று பண்டகசாலைகளிலும் துறைமுகங்களிலும் சுமை ஏற்றியிறக்கும் மின்சாரப் போர்க்லிப்ட் வண்டியின் உயர்த்தும் அமைப்பையும் அவ்வாறே வகுக்கலாம். பற்றரியும் மோட்டரும் இயக்குவன. பம்பியும் எண்ணெயும் குழாய்களும் கடத்துவன. முன்தூணில் ஏறியிறங்கும் இரு கரங்கள் கருமம் ஆற்றுவன. ஆயினும் இம்மூன்றினுள்ளும் அடங்காத நான்காவது உறுப்பொன்றும் இவ்வண்டியில் உண்டு. எப்பொழுது இயங்கலாம், எப்பொழுது இயங்கலாகாது எனத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றே அது. வண்டி தூக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தவுடன் மோட்டரையும் பம்பியையும் கழற்றத் தொடங்குவோர் இந்த நான்காவது உறுப்பையே பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அதனால் விரயமாவது பணம் மாத்திரமன்று. வழு எங்கே உள்ளதென அறியாது ஓர் ஆளியைக் கம்பியாற் கட்டி இணைத்து வண்டியை ஓடச்செய்யுமிடத்து, உயர்ந்த சுமையின் கீழ் நிற்பவரின் உயிர் அக்கம்பியிலேயே தங்கிவிடுகின்றது.

இவ்வண்டியின் தோற்றம் உற்பத்தி முறையோடு நெருங்கிய தொடர்புடையது. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திற் கிளார்க் நிறுவனம் 1917 இல் தனது தொழிற்சாலையின் உள்வேலைக்கென ஒரு சுமைவண்டியை உருவாக்கியது. முதலாம் உலகப் போர் தொழிலாளரைப் போர்முனைக்கு இழுத்துக்கொண்ட காலம் அது. பின்னர் இரண்டாம் உலகப் போரின் பாரிய போக்குவரத்துத் தேவையே மரத்தட்டுகளில் அடுக்கிய சுமையை இவ்வண்டியால் எடுத்துச்செல்லும் முறையை எங்கும் பரப்பியது. எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்துதல் என்னும் தத்துவமோ மிகப் பழையது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் ஏற்படும் அழுத்தம் எங்கும் குறையாது பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டிற் பஸ்கால் கண்டதை, 1795 இல் ஆங்கிலேயரான ஜோசப் பிராமா அழுத்தப் பொறியாக ஆக்கினார்.

முதலிற் சக்தி செல்லும் வழியை நோக்குவோம். 48 வோல்ற்றுப் பற்றரி கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அது 24 ஈய அமிலக் கலங்களின் தொடர். பற்றரியிலிருந்து புறப்படும் தடித்த கேபிள் அவசரத் துண்டிப்பான், பெரிய உருகி என்பவற்றைக் கடந்து கொன்ராக்டரை அடைகின்றது. கொன்ராக்டர் என்பது மின்காந்தத்தால் மூடித் திறக்கும் பெரிய ஆளியாகும். அது மூடியதும் மோட்டர் சுழலும்; மோட்டரோடு இணைந்த பற்சக்கரப் பம்பி எண்ணெயைத் தள்ளும்; எண்ணெய் கட்டுப்பாட்டு வால்வைக் கடந்து முன்தூணிலுள்ள சிலிண்டரை அடைந்து பிஸ்டனை உயர்த்தும். இறக்கும்போது மோட்டருக்கு வேலையில்லை. வால்வு திறந்ததும் சுமையின் பாரமே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகின்றது. ஆகவே, கைநெம்பால் நேரடியாக வால்வை அசைக்கும் வண்டியொன்று தூக்காது, ஆனால் ஒழுங்காக இறக்கும் எனின், அதனை ஒரு வியப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. இறங்குவதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை என்பதே அதன் பொருள்.

இனி, கட்டளை செல்லும் வழி. சாரதி உயர்த்தும் நெம்பை இழுக்கும்போது வால்வு அசைவதோடு, அதன் அடியிலுள்ள ஒரு சிறிய ஆளியும் அழுத்தப்படுகின்றது. வேலைத்தளத்தில் மைக்ரோசுவிச் என வழங்கும் இதனை நுண்ணாளி எனலாம். சாவி, இருக்கையின் அடியிலுள்ள ஆளி, பற்றரி வலுக்குறைவு காட்டி, நுண்ணாளி ஆகியன யாவும் ஒன்றன்பின் ஒன்றாக இசைந்தாலே கொன்ராக்டரின் சுருளுக்கு மின்னோட்டம் கிட்டும். முன்னைய வழியில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்கின்றது. பின்னைய வழியிற் பாய்வதோ ஓரிரு அம்பியர் அல்லது அதனினும் குறைவு. இவ்விரு வழிகளையும் வேறுபடுத்தாது செய்யப்படும் ஆராய்ச்சி எதுவும் முடிவுக்கு வராது.

கருவியைக் கையிலெடுப்பதன் முன்னர் கவனிக்க வேண்டியன சில. கரங்கள் நிலம்வரை தாழ்ந்திருத்தல் வேண்டும். உயர்ந்த நிலையிலேயே வண்டி நின்றுவிட்டதெனின், கையால் திறக்கும் அவசர இறக்க வால்வு கொண்டு சுமையை இறக்கலாம். அதுவும் இயலாவிடின் முன்தூணை உறுதியாக முட்டுக்கொடுத்த பின்னரே அருகிற் செல்லலாம். எண்ணெய்க் குழாயில் அழுத்தம் தேங்கியிருக்கும். ஊசித்துளைக் கசிவைக் கைவிரலாற் தடவிப் பார்க்கலாகாது, அது தோலை ஊடுருவும். சில்லுகளுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் களையப்படல் வேண்டும். 48 வோல்ற்று உடலைத் தாக்குவது அரிதாயினும், பற்றரியின் இரு முனைகளுக்குக் குறுக்கே விழும் உலோகம் நொடியிற் செந்தணலாகும். மின்னேற்றும் கலங்களிலிருந்து வெளிவரும் ஐதரசன் காற்றில் 4 வீதத்தை எட்டினாலே தீப்பற்றக்கூடியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

ஆராய்ச்சியின் முதற் சான்று பன்மானியின் அளவீடன்று, சாரதியின் வாக்குமூலமே. “வேலை செய்யவில்லை” என்ற பொதுச்சொல்லின் கீழ் குறைந்தது ஐந்து வேறுபட்ட நிலைகள் ஒளிந்திருக்கின்றன. நெம்பை இழுத்தால் ஒலியே இல்லை என்பது ஒன்று. ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்கின்றது, மோட்டர் சுழலவில்லை என்பது மற்றொன்று. மோட்டர் சுழல்கின்றது, கரங்கள் எழவில்லை என்பது வேறு. வெறுங்கரம் எழுகின்றது, சுமை எழவில்லை என்பதும், எழுகின்றது ஆனால் மிக மெதுவாக என்பதும் பிறிதொரு வகையின. ஒவ்வொரு நாளும் எட்டு மணிநேரம் அவ்வண்டியில் இருப்பவர் இவ்வேறுபாடுகளைச் செவியாலும் கையாலும் அறிவார். அவரைக் கேளாது, அவர் எழுதிய துண்டில் மேற்பார்வையாளர் சுருக்கி எழுதிய இரண்டு சொற்களைக் கொண்டு திருத்துநர் பழுதுபார்க்க வருவது பல இடங்களில் வழக்கம். சிந்திப்பதையும் செய்வதையும் வெவ்வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நவீன உற்பத்தியின் இயல்பு என்று ஹரி பிரேவர்மன் 1974 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அப்பிரிவினையின் விலையை இவ்விடத்து நாம் கண்கூடாகக் காணலாம். மோட்டர் மாற்றப்படும், வழுவோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒலியே இல்லாத நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். வண்டி முன்னும் பின்னும் ஓடுகின்றதா என்பது முதல் வினா. ஓடுமாயின் பற்றரி, துண்டிப்பான், சாவி ஆகிய பொது உறுப்புகள் பெரும்பாலும் நலமே. அடுத்து, முன்தூணைச் சாய்க்கும் நெம்பை இழுத்துப் பார்த்தல் வேண்டும். கொன்ராக்டரால் இயங்கும் வண்டிகள் பலவற்றில் உயர்த்துவதற்கும் சாய்ப்பதற்கும் ஒரே பம்பியே பயன்படுகின்றது. நெம்பு ஒவ்வொன்றுக்கும் நுண்ணாளி மாத்திரம் வேறு. சாய்க்கும்போது பம்பி சுழன்றால், பெரிய உருகி, கொன்ராக்டர், மோட்டர், பம்பி யாவும் ஒரே வீச்சில் ஐயத்திலிருந்து நீங்குகின்றன. எஞ்சுவன உயர்த்தும் நெம்பின் நுண்ணாளியும், அதற்கான கம்பியும், வலுக்குறைவு காட்டியின் தடுப்புமே. ஒரு திருப்புளியும் எடாமல், ஒரு நெம்பை அசைத்ததன் மூலம் ஐயப்பரப்பின் பெரும்பகுதி விலகிவிடுகின்றது. இதனை இருகூறாக்கும் முறை எனலாம். சங்கிலியை நடுவிற் சோதித்து, நலமான பாதியை விலக்கி, எஞ்சிய பாதியை மீண்டும் நடுவிற் சோதிப்பதே அதன் சாரம்.

வலுக்குறைவு காட்டியைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. பற்றரியின் கொள்ளளவில் ஏறத்தாழ 80 வீதம் செலவானதும் இக்கருவி உயர்த்துதலை மட்டும் தடுத்துவிடும். மின்னேற்றும் இடம்வரை ஓடுவதற்கு எஞ்சிய வலுவைக் காப்பதே நோக்கம். தமிழிலக்கண நூலார் வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதி என ஒன்றையும் வகுத்தனர். வழுப்போலத் தோன்றினும் ஒரு காரணம்பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது அது. இத்தடுப்பினை இயந்திரத்தின் வழுவமைதி எனலாம். பொறி தன் கடமையையே செய்கின்றது. இதனை அறியாது நுண்ணாளியையும் கொன்ராக்டரையும் மாற்றியோர் உளர். கலமொன்றின் அமிலத்தின் தன்னீர்ப்பு முழு மின்னேற்றத்தில் சுமார் 1.28 ஆகவும், 80 வீதம் செலவாகிய நிலையில் சுமார் 1.14 ஆகவும் இருக்கும். நீரமானி ஒன்றினால் இவ்வினாவை ஓரிரு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். ஒரு கலம் மட்டும் ஏனையவற்றிலும் மிகத் தாழ்ந்திருப்பின் வழு பற்றரியிலேயே உளது.

‘டக்’ என்ற ஒலி கேட்டும் மோட்டர் அசையாத நிலையிற் கட்டளைச் சுற்று தன் வேலையை முடித்துவிட்டது. தேட வேண்டியது சக்திச் சுற்றிலேயாம். இங்குப் பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒரு விடயம் உண்டு. ஓய்ந்திருக்கும் வண்டியின் கேபிள் முனையிற் பன்மானியை வைத்து 48 வோல்ற்று இருக்கின்றது எனக் கண்டு, இவ்விணைப்பு நலம் என முடிவு கட்டுவர். பன்மானி எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகச் சிறியது. அரித்துப்போன கேபிளில் ஓரிழை மட்டும் எஞ்சியிருந்தாலும் அது 48 வோல்ற்றையே காட்டும். உண்மை வெளிப்படுவது சுமையின் போதுதான்.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். 2000 கிலோகிராம் பொருளைச் செக்கனுக்கு 0.3 மீற்றர் வேகத்தில் உயர்த்துவதற்குத் தேவையான வலு ஏறத்தாழ 5.9 கிலோவாற்று. மோட்டரிலும் பம்பியிலும் குழாய்களிலும் ஏற்படும் இழப்பை நோக்குமிடத்து முழுத்திறன் 60 வீதம் எனக் கொள்வோமாயின், பற்றரி தர வேண்டியது 10 கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவு. 48 வோல்ற்றில் அது சுமார் 200 அம்பியர் ஆகும். இப்பாதையில் தளர்ந்த இணைப்பொன்று 0.02 ஓம் தடையைப் புகுத்துமாயின், ஓமின் விதிப்படி 4 வோல்ற்று அங்கேயே இழக்கப்படும். 800 வாற்று வெப்பம் அச்சிறிய இடத்திற் பிறக்கும். ஓர் அடுப்புக்குப் போதிய வெப்பம் அது. இணைப்புக் கருகும், கருகுவதால் தடை மேலும் பெருகும், தடை பெருகுவதால் மேலும் கருகும். அதே 0.02 ஓம் ஓரம்பியர் பாயும் கட்டளைச் சுற்றில் இருப்பின் எவரும் அதனை உணரார். அளவு மாறுமிடத்துப் பண்பும் மாறுதல் என்பதற்கு இதனினும் எளிய உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஆகவே அளவிட வேண்டியது, நெம்பு இழுக்கப்பட்ட நிலையில், இணைப்பு ஒவ்வொன்றின் இருபுறத்துக்கும் இடையிலான வோல்ற்றளவு. பன்மானியின் இரு முனைகளையும் மூடிய கொன்ராக்டர்த் தொடுகைக்குக் குறுக்கே வைத்தால் கிட்டத்தட்டப் பூச்சியமே காட்ட வேண்டும். முழு 48 வோல்ற்றையும் காட்டுமாயின் கொன்ராக்டர் ஒலித்ததேயன்றித் தொடவில்லை. தொடுகை முனைகள் பொரிந்து கருகியிருக்கும். மோட்டரின் முனைகளில் முழு வோல்ற்றளவும் வந்துசேர்ந்தும் அது அசையாவிடின் சுற்று மோட்டரினுள்ளே அறுந்துள்ளது. நேரோட்ட மோட்டர்களில் முதல் ஐயத்துக்குரியன காபன் தூரிகைகள். அவை தேய்ந்து குறுகி, வில்லின் அழுத்தம் திசைமாற்றியை எட்டாது போய்விடும். மோட்டர் உடலை மரப்பிடியால் மெல்லத் தட்டியவுடன் சுழலத் தொடங்கினால் வழு அதுவே என்பதிற் பெரும்பாலும் ஐயமில்லை. ஆனால் தட்டித் தட்டியே அன்றைய வேலையை முடித்துவிடலாம் என்று விடுவது திசைமாற்றியையும் கெடுத்துவிடும்.

கொன்ராக்டர் ஒருமுறை மூடாது படபடவென அடித்துக்கொள்ளுமாயின், சுருளுக்குக் கிட்டும் வோல்ற்றளவு போதவில்லை என்க. மூடியவுடன் மோட்டர் பெருமின்னோட்டத்தை இழுக்கின்றது, தளர்ந்த பற்றரியின் வோல்ற்றளவு விழுகின்றது, சுருள் வலுவிழந்து திறக்கின்றது, திறந்ததும் வோல்ற்றளவு மீள்கின்றது, மீண்டும் மூடுகின்றது. ஒலி கொன்ராக்டரிலிருந்து வந்தாலும் காரணம் அங்கில்லை.

நுண்ணாளி பற்றிய ஒரு நுட்பம் சற்று விரித்துரைக்கத்தக்கது. புதிய நுண்ணாளி பொருத்திச் சில கிழமைகளுள் அதுவும் கெட்டுவிடுகின்றது, இன்னொன்று பொருத்தப்படுகின்றது, அதுவும் கெடுகின்றது. மட்டமான உதிரிப்பாகம் என்று குற்றம் சாட்டப்படும். கொன்ராக்டர்ச் சுருளில் மின்னோட்டம் திடீரென நிற்கும்போது அதன் காந்தப்புலம் ஒடுங்கி, எதிர்த்திசையில் உயர்ந்த வோல்ற்றளவொன்றைத் தோற்றுவிக்கும். அதனைத் தணிப்பதற்காகச் சுருளுக்குக் குறுக்கே ஓர் இருவாயி இணைக்கப்பட்டிருக்கும். அவ்விருவாயி அறுந்துபோனால் ஒவ்வொரு முறையும் நுண்ணாளியின் தொடுகைகளுக்கிடையே தீப்பொறி பாய்ந்து அவற்றைத் தின்னும். அதே இருவாயி உள்ளே குறுஞ்சுற்றானால் நெம்பை இழுத்த கணமே கட்டுப்பாட்டு உருகி எரியும். கெட்ட பொருளும் கெடுத்த பொருளும் வெவ்வேறானவை என்பதை உணராதவரை உதிரிப்பாகச் செலவு ஓயாது.

மோட்டர் நன்கு சுழன்றும் கரங்கள் எழாவிடின், நெம்பால் வால்வு அசையும் வண்டிகளில் மின்வழு ஆராய்ச்சி அத்துடன் முடிகின்றது. எண்ணெய் மட்டம், பம்பியை மோட்டரோடு பிணைக்கும் இணைப்பு, அழுத்தத் தணிப்பு வால்வு என்பவற்றை நோக்க வேண்டும். வெறுங்கரம் எழுந்து சுமை எழாமை பெரும்பாலும் தணிப்பு வால்வின் அல்லது பம்பித் தேய்வின் விளைவு. ஆனால் வரிச்சுருளால் வால்வை இயக்கும் வண்டிகளில் எல்லை அவ்வளவு தெளிவானதன்று. எஞ்சினால் ஓடும் வண்டிகளிற்கூட, சாரதி இருக்கையில் இல்லாதபோது எண்ணெயோட்டத்தை அடைக்கும் வரிச்சுருள் வால்வு உண்டு. இருக்கை ஆளியின் கம்பி அறுந்தால், எஞ்சினும் பம்பியும் முழு நலத்தோடிருந்தும் வண்டி தூக்காது. வரிச்சுருளுக்குக் கட்டளை கிட்டுகின்றதா என்பதை அதன் முனையில் ஓர் இரும்புத் திருப்புளியை அண்மையிற் பிடித்து அறியலாம். காந்தம் இழுத்தும் வால்வு அசையவில்லையெனின் வழு எண்ணெய்ப் பக்கத்தது.

இருக்கை ஆளியைக் கம்பியாற் கட்டிவிடும் வழக்கம் இங்கு ஆராயப்பட வேண்டும். அதனைச் சாரதியின் அசட்டை என்று கூறிவிடுவது எளிது. மணிக்கு இத்தனை தட்டு என்று கணக்கிடப்படும் வேலையில், இருக்கையின் தேய்ந்த பஞ்சினால் ஆளி அடிக்கடி விட்டுவிட்டுத் தொட, ஒவ்வொரு குலுக்கலிலும் பம்பி நிற்கும். திருத்துவதற்கு வண்டியை விட வேண்டும்; விட்டால் அன்றைய கணக்குக் குறையும். கம்பியைக் கட்டிய கை சாரதியுடையதாயினும், அக்கையைச் செலுத்தியது அக்கணக்கே. திருத்துநர் அக்கம்பியைக் கண்டால், அதனை அகற்றுவதோடு ஆளியையும் இருக்கையையும் சீராக்கித் தர வேண்டும். அகற்றிவிட்டுச் செல்பவர் மறுநாள் மீண்டும் அதே இடத்தில் வேறொரு கம்பியைக் காண்பார்.

இதற்கு நேர்மாறான வழுவே மிக ஆபத்தானது: நெம்பை விட்ட பின்னரும் பம்பி சுழன்றுகொண்டிருத்தல். கொன்ராக்டர்த் தொடுகைகள் உருகி ஒட்டிக்கொள்வது அதன் ஒரு காரணம். அவசரத் துண்டிப்பானை உடனே இழுக்க வேண்டும். மற்றொரு காரணம் கண்ணுக்குப் புலப்படாதது. மின்சார வண்டியின் உடற்சட்டம் பற்றரியின் எம்முனையோடும் இணைக்கப்படுவதில்லை. தூரிகைகளின் காபன் தூளும் அமிலக் கசிவும் காலப்போக்கிற் சட்டத்துக்கு ஒரு வழியமைத்துவிடும். ஓரிடத்திற் கசிந்தால் ஒன்றும் நிகழாது. இரண்டாம் இடமொன்றும் கசிந்தால் சட்டமே ஒரு கம்பியாகி, ஆளிகளைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் செல்லலாம். பற்றரி முனை ஒவ்வொன்றுக்கும் சட்டத்துக்கும் இடையே காலத்துக்குக் காலம் அளந்து பார்ப்பதே இதற்குரிய காப்பு.

ஆடலோட்ட மோட்டரும் இலத்திரனியற் கட்டுப்படுத்தியும் கொண்ட பிற்கால வண்டிகளில் கொன்ராக்டரின் ஒலியைக் கேட்டு அறியும் வாய்ப்புக் குறைந்துவிட்டது. நெம்பின் அடியில் நுண்ணாளிக்குப் பதிலாக, அசைவுக்கேற்ப வோல்ற்றளவை மாற்றித்தரும் உணரி உள்ளது. சாவியைத் திருப்பும்போது நெம்பு ஓய்வுநிலையில் இருத்தல் வேண்டும் எனக் கட்டுப்படுத்தி எதிர்பார்க்கும். உணரி தேய்ந்து, ஓய்விலும் ஒரு சிறு வோல்ற்றளவைக் காட்டினால், யாரோ நெம்பை இழுத்துப் பிடித்துள்ளார் என எண்ணி அது உயர்த்த மறுக்கும். திரையில் தோன்றும் வழு எண் எந்தச் சுற்றில் முரண்பாடு உளது என்பதையே கூறும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று கூறாது. உணரியா, கம்பியா, இணைப்பூசியா என்பதைப் பன்மானியே தீர்க்கும். இவ்வெண்களின் விளக்கத்தையும் அவற்றை வாசிக்கும் கருவியையும் உற்பத்தியாளர் தம் முகவர்களுக்கு மட்டுமே வழங்குவது பரவலாகிவிட்டது. அறிவும் இவ்வாறு வேலியடைக்கப்படுகின்றது. இக்கட்டுப்படுத்திகளின் உள்ளே பெரிய கொள்ளளவிகள் இருப்பதால், பற்றரியைத் துண்டித்த பின்னரும் மின்னேற்றம் தங்கியிருக்கும்; நூலிற் கூறிய முறைப்படி அதனை வடியவிட்டு, அளந்து பார்த்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

விட்டுவிட்டுத் தோன்றும் வழுவுக்கு இம்முறைகள் யாவும் ஓரளவே உதவும். வண்டி வேலைத்தளத்துக்கு வந்ததும் நலமாக இயங்கும். முன்தூணோடு சாய்ந்து நிமிரும் கம்பிக்கட்டு, தூசியும் நீரும் சேரும் தளத்தட்டின் அடிப்பகுதி, வெப்பமேறிய பின் மட்டும் விரியும் இணைப்பு என்பன வழக்கமான இருப்பிடங்கள். பன்மானியை இணைத்தபடியே கம்பிக்கட்டைப் பகுதி பகுதியாக அசைத்துப் பார்த்தல் வேண்டும். எப்பொழுது, எந்தச் சுமையோடு, வேலை தொடங்கி எத்தனை மணி நேரத்தின் பின், மழையிலா வெயிலிலா என்று சாரதி எழுதி வைத்த குறிப்பு இவ்விடத்துப் பெரும் பயன் தரும். அதனை அவர் தம் சொற்களிலேயே எழுதட்டும். ஆளி, உருகி, தொடுகை என நமது பாடநூல்களிற் பயின்ற சொற்கள் உள்ளன. சுவிச், பியூஸ் எனத் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களும் உள்ளன. குறிப்புப் புத்தகத்தில் இரண்டும் அருகருகே நிற்பதில் தமிழுக்கு இழுக்கொன்றும் நேராது.

திருத்தம் முடிந்ததும் சோதனை. முதலில் வெறுங்கரத்தை முழு உயரத்துக்கு ஏற்றி இறக்க வேண்டும். பின்னர் வண்டியின் தகட்டிற் குறிக்கப்பட்ட அளவுக்கு மேற்படாத சுமையைச் சிறிது உயர்த்தி, சில நிமிடங்கள் நிறுத்தி, அது தானே தாழ்கின்றதா என நோக்க வேண்டும். நெம்பை விட்டவுடன் பம்பி நிற்கின்றதா என்பதும், அவசரத் துண்டிப்பானை இழுத்தவுடன் யாவும் ஓய்கின்றனவா என்பதும் பார்க்கப்படல் வேண்டும். ஈற்றில், கரங்கள் நிலத்திலிருக்க, சாரதி இருக்கையை விட்டு எழுந்து பக்கத்தில் நின்றவாறே உயர்த்தும் நெம்பை இழுக்க வேண்டும். அப்பொழுது கரங்கள் அசைதல் ஆகாது.